மாமாவுக்கு இறங்கிய கூகைக்கட்டு

மகனைச் சத்திரசிகிச்சை முடித்து வார்டுக்கு மாற்றிய பிறகு, பார்வையாளர் நேரத்தில் என் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. செட்டிபாளையத்திலிருந்து தனியாகப் பஸ் ஏறி, ஒரு பை தோடம்பழத்தோடு வந்திருந்தார். கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்ற கேள்வி எதுவும் இல்லை. வார்டில் பாதிக்குக் கேட்கும் குரலில் கேட்டார்.

“எந்தப் பக்கம் மனே?”

மகன் என்னைப் பார்த்தான். நான் யன்னலைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மெல்லத் தாழ்த்தினார்.

“இடப்பக்கம்.”

“இருக்கா, எடுத்துப்போட்டாங்களா?”

“இருக்கு. திரும்பவும் முறுகாமத் தைச்சு விட்டிருக்காங்களாம்.”

“மறுகா என்ன? ரெண்டும் இருக்கு. ராசா மாதிரி இருக்கலாம். தோடம்பழம் தின்னு.”

மகன் சிரித்தான். சிரித்ததில் தையல் இழுத்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தான். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல். நான் வெளியே தாழ்வாரத்துக்குப் போய் நின்று அழுதேன்.

எல்லாம் அன்று ஒரே நாளில் நடந்தது. விடியற்காலையில் அவன் வயிற்றுக்குத்து என்று எழும்பினான். ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்ததைச் சத்தி எடுத்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன், வயிறு என்றான். தகப்பன் கேட்டார், அவரிடமும் வயிறு என்றான். முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கால்களை அகட்டி நடந்ததைக் கண்ட பிறகுதான் ஓட்டோவில் ஏற்றினோம். அவசரப் பிரிவில் ஒரு தாதி நேராகக் கேட்டாள். “தம்பி, கீழ வலிக்குதா?” அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டு நான் வெளியே போனேன். கதவு சாத்திய பிறகுதான் ஓம் என்றானாம்.

சத்திரசிகிச்சை முடிந்த பிறகு டாக்டர் எங்கள் இருவருக்கும் விளக்கிச் சொன்னார். இளம் வயதுக்காரர். உடம்பின் சூட்டில் விந்து உருவாகாது, அதனால்தான் விதைகள் இரண்டும் வயிற்றுக்குள் இல்லாமல் வெளியே ஒரு பையில் தொங்குகின்றன என்றார். ஒவ்வொரு விதையையும் ஒரு நாண் தாங்கி நிற்கிறது. இரத்தம் போவதும் வருவதும் அதற்குள்ளேதான். விந்து மேலே ஏறும் குழாயும் அதற்குள்ளேதான். மகனுக்கு இடப்பக்கத்து நாண் தானாகவே முறுகி, இரத்தம் போகாமல் நின்றுவிட்டது. முறுக்கை அவிழ்த்து, இரண்டு பக்கமும் அசையாமல் தைத்திருக்கிறார்கள். “பின்னேரம் கொண்டுவந்திருந்தா வெட்டி எடுத்திருப்பம் அம்மா,” என்றார். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். நான் அந்த வாக்கியத்தோடு இன்னும் அங்கேயே நிற்கிறேன்.

அவனுடைய விஞ்ஞானப் புத்தகத்தில் அந்தப் படம் இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதி முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறான். தன் உடம்பில் வலித்தபோது மட்டும் அந்தப் பெயர்களில் ஒன்றுகூட அவன் வாயில் வரவில்லை. என் வாயிலும் வரவில்லைத்தான்.

மாமா அப்படி வெளிப்படையாகக் கேட்டது முதலில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. தாழ்வாரத்தில் நின்றபோதுதான், இது அவருக்குப் புதிதல்ல என்பது நினைவுக்கு வந்தது. இதே குரலில் அவர் முன்பும் ஒருமுறை பேசியிருக்கிறார். அன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போவார். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். அவளுக்குப் பிறகு அவளுடைய மகளுக்குப் போகும். குடி என்று நாங்கள் சொல்லும் வம்சமும் தாய்வழிதான். அப்படித்தான் என் அப்பா தன்னாமுனையில் அம்மாவின் வீட்டுக்கு வந்தார். அதே வீட்டில் பிறந்த மாமா, ஒரு பெட்டியும் ஒரு வீச்சுவலையுமாகச் செட்டிபாளையத்தில் மாமியின் வீட்டுக்குப் போனார். மாமா போன அன்று நான் தரையில் புரண்டு அழுதேனாம். அவர் என்னைத் தோளில் வைத்து வளர்த்தவர்.

மாமா கலியாணம் முடித்து ஒரு வருசம் ஆகியிருக்காது. நான் இரண்டாம் வகுப்பு. எனக்குக் கூகைக்கட்டு வந்தது. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கி, முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. கூகைக்கட்டு வந்தால் கழுத்தில் தங்கம் போட்டால் வீக்கம் வற்றும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். அம்மா தன் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டார். காய்ச்சலை விட, சங்கிலியோடு பள்ளிக்கூடம் போக முடியாததுதான் எனக்குக் கவலை.

செய்தி கேட்டு மாமா வந்தார். நான் குடிக்க மாட்டேன் என்று தள்ளிவிட்ட பால்தேத்தண்ணீரை, எனக்கு ஒரு வாய் தனக்கு ஒரு வாய் என்று மாறி மாறிக் குடித்து முடித்தார். என் முகத்தைப் பார்த்து, “அக்கா, இது உன்ட புள்ளதானா? கடைக்கார முதலாளி மாதிரி எலுவா ஊதிக் கிடக்கு,” என்றார். இரண்டு நாள் என் பாயிலேயே படுத்துக் கதை சொல்லிவிட்டுப் போனார்.

சில வாரங்களில் அவருக்கும் வந்துவிட்டது என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் மூவரும் போனோம். கழுத்து நிறைந்த வீக்கத்தோடு, மாமியின் பதக்கம் வைத்த சங்கிலியைப் போட்டுக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். வாவியில் அவரோடு தோணி தள்ளுகிற ஆட்கள் வந்து, மணவறையில் பொம்பிளை இருக்கிற மாதிரி இருக்கிறது என்று பகிடி பண்ணினார்கள். மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மாமாவும் சிரிக்கப் பார்த்து, தாடை வலியில் முகத்தைச் சுளித்தார்.

நாங்கள் அடுத்த முறை போனபோது கழுத்து வீக்கம் வற்றியிருந்தது. ஆனால் சிரிப்பில்லை. மாமா கட்டிலில் மல்லாந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்துக்கொண்டு கிடந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. என்னைக் கண்டும் எழும்பவில்லை. என்ன என்று அம்மா கேட்டதற்கு, “தோணி தூக்கினதில இடுப்புப் பிடிச்சிட்டு,” என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா மட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே அப்பாவின் குரல் தாழ்ந்து கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் சொல்வதும், அங்கே மருந்து கொடுப்பவர் இந்த ஊர்க்காரர், நாளைக்குத் தெருவில் நடக்க முடியாது என்று மாமா மறுப்பதும் கேட்டது. அப்பா வெளியே வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்புப் பிடிப்புக்கு எண்ணெய் காய்ச்சினார்கள். மாமா பல நாள் அப்படியே கிடந்து, பிறகு தானாக எழும்பி நடந்தார். எல்லாரும் அதை மறந்தோம்.

பிறகு மாமிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. வருசங்கள் போயின. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசும்போது என்னைத் தண்ணீர் எடுத்துவர அனுப்புவார்கள். மாமி போகாத கோயில் இல்லை. எங்களூர்ச் சாமத்தியச் சடங்கு ஒன்றில் ஆராத்தித் தட்டைத் தூக்கப் போனவரை, “நீ இரு புள்ள, களைச்சுப் போனாய்,” என்று சொல்லி ஒருத்தி தட்டை வாங்கிக்கொண்டதை நான் கண்டேன். மாமிக்குக் களைப்பு ஒன்றும் இல்லையே என்று எனக்குத் தோன்றியது.

நான் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ. விடுமுறைக்குச் செட்டிபாளையத்தில் நின்றேன். ஒரு நாள் காலையில் மாமியின் தாய்மாமன் வந்தார். நரைத்த மீசை, வெள்ளைச் சாரன், கையில் குடை. அந்தக் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. முற்றத்து மணலில் கதிரைகள் போட்டார்கள். பெரியவர் ஒரு கதிரையில், மாமியின் தாய் இன்னொன்றில், மாமா எதிரில். நான் மாமாவின் காலடியில் மணலில் கோடு கீறிக்கொண்டிருந்தேன். மாமி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

பெரியவர் கொண்டுவந்த செய்தி இதுதான். பனிச்சங்கேணியில் ஒரு பரிசாரி இருக்கிறார். மாமியை ஒரு மாதம் அங்கே விட வேண்டும். வெறும் வயிற்றில் கசாயம். ஒரு நேரம் மட்டும் உப்பில்லாத சோறு. முந்தி ஒருவர் கொடுத்த கசாயத்தைக் குடித்து மாமி கிணற்றடியில் மயங்கி விழுந்தது எனக்குத் தெரியும். நான்தான் கத்திக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு அவர் பாதியாக மெலிந்திருந்தார்.

“இது நல்ல கை. கனபேருக்குக் குடுத்து வயிறு திறந்திருக்கு,” என்றார் பெரியவர்.

“அவளுக்கு இனி ஒரு மருந்தும் குடுக்க வேணாம்,” என்றார் மாமா.

“மருமகன், இது பொம்புளையள்ட விசயம். நீங்க ஏன்...”

“குறை அவளில இல்ல. என்னில.”

பெரியவர் குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். “ஆம்பிளை அப்பிடிக் கதைக்கிறதில்ல தம்பி.”

“ஆம்பிளைதான் கதைக்கோணும். எனக்குக் கூகைக்கட்டு வந்து கீழ இறங்கினது. விதை ரெண்டும் வீங்கிக் கிடந்தது. மறுகா ரெண்டும் வத்திப்போச்சு. இடுப்புப் பிடிப்பெண்டு உங்களுக்குச் சொன்னது பொய். போன மாசம் டவுனில பெரிய டாக்குத்தரிட்டக் காட்டினன். விந்தைச் சோதிச்சுப் பாத்தாங்க. கனபேருக்கு இது ஒண்டும் செய்யாதாம். எனக்குச் செஞ்சு போட்டுது. அதில உயிர் இல்லையாம்.”

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

அவர் குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. வாவியில் இறால் இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். வேலிக்கு அப்பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். மாமியின் தாய் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர்களின் பேச்சில் எனக்குப் புரிந்த சொல் ஒன்றுதான். அது என்னைப் பயமுறுத்தியது.

“மாமா, கூகைக்கட்டு எனக்கும் வந்ததுதானே? எனக்கும் புள்ள பிறக்காதா?”

மாமியின் தாய் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். மாமா என் தலையில் கை வைத்தார்.

“உனக்குப் பிறக்கும் மனே. உனக்கு இறங்குறதுக்கு ஒண்டும் இல்ல.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுபடியும் கோடு கீறத் தொடங்கினேன்.

பெரியவர் குடையை மடியில் கிடத்தினார். பிறகு மிகவும் மரியாதையாகப் பேசினார். புள்ளைக்கு இன்னும் வயது இருக்கிறது என்றார். இந்த வளவு அவளோடு முடிந்துபோக முடியாது, ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்றார். மருமகன் நியாயம் தெரிந்த ஆள், உண்மையை ஒளிக்காமல் சொன்னதே பெரிய குணம் என்றார். வெளியே போ என்று அவர் சொல்லவே இல்லை. “வெயில் ஏறமுந்தி வெளிக்கிட்டா பஸ் பிடிக்கலாம்,” என்று மட்டும் சொன்னார்.

மாமா எழும்பிப் போய், வந்தபோது கொண்டுவந்த பெட்டியைத் தேடினார். அது கறையான் அரித்துக் கிடந்தது. ஒரு உரப்பையை உதறி அதற்குள் சாரனும் சேட்டும் வைத்தார். மாமி குசினியை விட்டு வெளியே வரவில்லை. மாமா குசினி வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போகவில்லை.

“வா மனே, வீட்ட போவம்.”

“இனி நீங்க எங்கட வீட்டதான் இருப்பீங்களா?”

“ஓம்.”

என் சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மாமா திரும்பி வருகிறார். எந்தச் செலவும் இல்லாமல், எந்த வேண்டுதலும் வைக்காமல். பஸ் நிற்கும் இடம்வரை அவருடைய பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளிப் போனேன். எந்த அறையில் படுப்பார், யார் என்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றிப் போவார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். மாமா ஓம் ஓம் என்றார். அது மத்தியானத்துக்குப் பிறகு பஸ் வருமோ வராதோ என்று சொல்ல முடியாத காலம். வழியில் இராணுவச் சோதனைக்கு இறங்கி ஏறி, தன்னாமுனைக்குப் போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும். மாமா பஸ் வரும் பக்கத்தைப் பார்க்கவில்லை. தார்ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது மாமி வந்தார். செருப்பில்லாமல், சுடு மணலில் அரை ஓட்டமாக வந்தார். விரல்களில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று மூச்சு வாங்கினார்.

“சோறு வடிச்சாச்சு,” என்றார்.

“நீ வீட்ட போகா,” என்றார் மாமா. “கதைச்சது கேட்டதுதானே?”

“கேட்டது. டவுனுக்குப் போனத எனக்கேன் சொல்லல்ல?”

“எப்பிடிச் சொல்ற?”

“இவ்வளவு பேருக்கு முன்னால சொல்லத் தெரிஞ்சதுதானே?”

மாமா காலால் மணலைத் தள்ளினார். பிறகு, “உனக்கு மருந்து குடுக்கப் போறாங்க. அதுதான்,” என்றார்.

மாமி அவர் கையிலிருந்த பையைப் பிடித்தார். மாமா விடவில்லை. இரண்டு பேரும் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது ஆளாக நான் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பெரியவர் வெளிக்கிடச் சொல்லிப்போட்டார்.”

“அது அவர்ர வீடா? எனக்கு எழுதின வீடு. அதில ஆர் இருக்கிறதெண்டு நான்தான் சொல்லுவன்.”

“உனக்குப் பிறகு?”

“எனக்குப் பிறகு பூனை இருக்கட்டும்.”

பஸ் வந்து நின்றது. நடத்துனர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு எங்கள் மூவரையும் பையையும் பார்த்தார். “ஏறுறதெண்டா ஏறுங்க. வீட்டுச் சண்டைக்கு டிக்கற் இல்ல,” என்றார். நான் ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டேன். மாமா அசையவில்லை. மாமிதான் என் கையைப் பிடித்து இறக்கினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு நேரமும் என்னுடையவராக இருந்த மாமாவை ஒரு சொல்லில் பறித்துக்கொண்ட மாமி மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவரும் அழுதுகொண்டிருந்தார் என்பதைக் கண்டேன். கேட்டது கிடைத்த பிறகு எதற்கு அழுகிறார் என்று அதற்கும் கோபம் வந்தது. மாமா பையைத் தோளில் போட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மாமி என் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். நான் விலகி நின்று, விடாமல் கேட்டேன்.

“மாமா எங்கட வீட்ட வந்து இருக்கலாந்தானே?”

“இருக்கலாம் மனே. மறுகா இஞ்ச நான் ஆரோட இருக்கிற?”

“உங்கட அம்மா இருக்கிறாதானே.”

மாமி சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நின்று, நன்றாகச் சிரித்தார். முன்னால் போன மாமாவும் திரும்பிப் பார்த்தார். பெரியவர்களுக்கே தெரியாத ஒரு வழியை நான் சொல்லிவிட்டேன், அதனால்தான் மாமி பேச வழியில்லாமல் சிரிக்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கெட்டித்தனத்தில் அழுகையை மறந்து, அவர்கள் இருவரையும் முந்திக்கொண்டு அந்த வீட்டை நோக்கி ஓடினேன்.